பழம்புடவைக்கு ஒரு முத்திரை

எமது கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதி அனுப்புமாறு மலர்க் குழுவினர் விடுத்த கடிதம் கைக்குக் கிடைத்தபோது, மகிழ்ச்சியோடு சிறிது மலைப்பும் என்னைப் பற்றிக்கொண்டது. என்னோடு பயின்றவருள் வைத்தியர் பலர்; பொறியியலாளர் பலர்; சட்டத்தரணிகளும் கணக்காளரும் அவ்வாறே. அவர்கள் தத்தம் துறையில் ஆற்றிய பணிகளை எழுதினால் அது மலருக்கு அணியாகும். நானோ கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியும், பொருட்களுக்குச் சீட்டு வரைந்தும், வணிகருக்கு இலச்சினை அமைத்தும் சீவித்தவன். இத்தொழிலில் மேடையேற்றிச் சொல்லத்தக்க வெற்றிகள் எனக்கு இல்லை. ஆயினும் நான் செய்த பிழை ஒன்று உண்டு. அப்பிழையைத் திருத்துதற்கு எமது விடுதியிற் கற்ற சிறு பாடம் ஒன்று துணை நின்றது. அதனையே இங்கு எழுதத் துணிந்தேன்.

1964ஆம் ஆண்டு தை மாதத்தில், ஒரு தகரப் பெட்டியோடும் பாய் தலையணையோடும் விடுதியிற் சேர்ந்தேன். சேருமுன்னரே வீட்டுக்கு ஒரு பட்டியல் வந்திருந்தது. வேட்டி நான்கு, சேட்டு நான்கு, துவாய் இரண்டு, படுக்கை விரிப்பு இரண்டு. அவை ஒவ்வொன்றிலும் 63 என்ற இலக்கம் சிவப்பு நூலினாலே தைக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அப்பட்டியலின் கட்டளை. என் தாயார் இரண்டு இரவுகள் விளக்கின் முன் இருந்து, சேட்டின் கழுத்துப்பட்டையின் உட்புறத்திலும் வேட்டியின் முந்தியிலும், சிறு சிறு குறுக்குத் தையல்களாக அவ்விலக்கத்தைத் தைத்து முடித்தார். ஆறாம் இலக்கத்தின் வளைவு குறுக்குத் தையலுக்கு எளிதில் இணங்காது. அதனைப் பிரித்துப் பிரித்துத் தைத்தமையால் முதற் சேட்டில் ஊசித் துளைகள் பல விழுந்துவிட்டன. அத்துளைகள் அச்சேட்டுக் கந்தலாகும் வரையும் இருந்தன.

சனிக்கிழமை தோறும் எங்கள் உடுப்புக்கள் எல்லாம் ஒரே மூட்டையாகச் சலவைக்குப் போகும். செல்வன் வீட்டுச் சேட்டும் வறியவன் வீட்டுச் சேட்டும் ஒருங்கே வெளுத்து ஒருங்கே திரும்பும். எது யாருடையது என்று சொல்வது அச்சிவப்பு இலக்கம் ஒன்றே. எனக்கு முன் 63 வேறொருவருக்கு உரியதாய் இருந்தது. எனக்குப் பின்னும் மற்றொருவருக்குப் போயிருக்கும். அவர்களை நான் அறியேன். ஆயினும் இலக்கப் புத்தகத்தில் எங்கள் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. அப்புத்தகத்தை ஒருமுறை பார்த்தபோது, நான் எங்கோ ஒரு வரிசையில் நிற்கின்றேன் என்ற எண்ணம் முதன்முதலாக எனக்குத் தோன்றியது.

விடுதியிலிருந்த காலத்திலேதான் எழுத்து வரையும் ஆசையும் பிறந்தது. விளையாட்டுப் போட்டிக்கும் நாவலர் குருபூசைக்கும் அறிவித்தற் பலகை எழுதும் பணியை எங்கள் சித்திர ஆசிரியர் என்னிடம் ஒப்படைப்பார். நான் எழுத்துக்களுக்கு நிழலும் கொடியும் பூவும் சேர்ப்பேன். அவர் சிறிது நேரம் பார்த்து நின்று, "தம்பி, எழுத்து அழகாய் இருக்கிறது, செய்தி எங்கே?" என்பார். அவ்வினாவின் பொருள் எனக்கு விளங்குதற்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

1973இல் இலண்டன் மாநகர் சேர்ந்தேன். பகலில் ஒரு பெயர்ப்பலகை எழுதுவோரிடம் எடுபிடியாகவும், மாலையில் எழுத்துக் கலை மாணவனாகவும் காலம் கழிந்தது. கையைத் தாங்கும் கோலை இடக்கையிற் பிடித்துக்கொண்டு, மயிர்த் தூரிகையை ஒரே மூச்சில் இழுத்து ஒரு வளைவை முடித்தற்கு ஓராண்டுப் பயிற்சி வேண்டும். எட்வேட் ஜோன்ஸ்ரன் என்பார் 1916ஆம் ஆண்டில் இலண்டன் நிலக்கீழ்ப் புகையிரதத்துக்கு அமைத்துக் கொடுத்த எழுத்துக்களை, அந்நிலையங்களின் சுவர்களிலே நாள்தோறும் கண்டு கற்றேன். அவற்றில் ஒரு கோடும் மிகையில்லை. அவசரமாகச் செல்லும் ஒருவன் தன் ஊரின் பெயரை ஒரு நொடியில் வாசிக்க வேண்டும் என்பதைத் தவிர அவ்வெழுத்துக்களுக்கு வேறு நோக்கமில்லை. ஆயினும் நூறாண்டு கடந்த பின்னும் அவை அழகு குன்றாது நிற்கின்றன.

இனி, சொல்ல வந்த செய்திக்கு வருகின்றேன். 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கிழக்கு இலண்டனைச் சேர்ந்த வோல்தம்ஸ்ரோ என்னும் இடத்தில் அம்மையார் ஒருவர் சிறு கடை ஒன்றைத் திறக்க முனைந்தார். இருபது ஆண்டுகள் ஒரு நாடக அரங்கிலே நடிகரின் உடைகளைப் பேணும் பணி செய்து ஓய்ந்தவர் அவர். கடையோ பன்னிரண்டு அடி அகலமும் இருபது அடி ஆழமும் உடையது. அவர் விற்க எண்ணியவை பழைய உடுபுடவைகள். ஆங்கிலேயர் இவற்றை 'வின்ரேஜ்' என்பர். திராட்சை அறுவடையைக் குறித்த அச்சொல், பின்னர்க் குறித்த ஓராண்டில் விளைந்த மதுவைக் குறித்து, இன்று நாள் சென்றதனால் மதிப்பேறிய எதற்கும் வழங்குகின்றது. பொதுவாக இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்டு நூறாண்டுக்கு உட்பட்ட உடைகளையே இவ்வணிகத்தார் அப்பெயரால் அழைப்பர். அம்மையாரிடம் அவ்வாறான உடைகள் நானூறு வரையில் இருந்தன. கடைக்கு ஓர் அடையாளம் அமைத்தற்கென அவர் ஒதுக்கிய தொகை 900 பவுண். அது அவருடைய சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அவர் சொல்லாமலே அறிந்தேன்.

கடைக்கு அடையாளம் அமைத்தல் என்பதைப் பலர் ஒரு சின்னம் வரைதல் என்றே எண்ணுவர். சின்னம் அதில் ஒரு சிறு பகுதியே. தெருவில் நிற்பவன் காணும் பலகை, கதவைத் திறப்பவன் காணும் நிறம், உடையிலே தொங்கும் விலைச்சீட்டு, வாங்கியவன் ஏந்திச் செல்லும் தாட்பை, பணம் பெற்றமைக்குக் கொடுக்கும் பற்றுச்சீட்டு ஆகிய யாவும் ஒரே குரலில் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். அக்குரல் கடைக்காரருடைய இயல்பான குரலாகவும் இருத்தல் வேண்டும். இல்லையேல், கடையின் முகம் ஒன்றும் அகம் ஒன்றுமாய் முடியும்.

பழைய உடை விற்ற கடைகள் இலண்டனுக்குப் புதியன அல்ல. 1966இல் செல்சிப் பகுதியின் கிங்ஸ் வீதியிலே 'கிறானி ரேக்ஸ் எ றிப்' என்ற பெயரோடு ஒரு கடை தோன்றியது. பாட்டி பயணம் போகின்றாள் என்பது அப்பெயரின் நேர்ப்பொருள். அக்கடையின் முகப்பில் ஒருகால் அமெரிக்க ஆதிக்குடித் தலைவர் ஒருவரின் பெருமுகம் இருக்கும். ஒருகால் ஜீன் ஹார்லோ என்ற நடிகையின் முகம் இருக்கும். பின்னொரு நாள் ஒரு மோட்டார் வண்டியின் முற்பாதி சுவரைப் பிளந்துகொண்டு தெருவை நோக்கி நின்றது. நிலைத்த முத்திரை இல்லாமையே அக்கடைக்கு முத்திரையாயிற்று. அதற்கு மறுதலையாக, 1964இல் முதற் கடை திறந்த 'பீபா' என்ற நிறுவனம் புத்தம்புதிய உடைகளுக்குப் பழங்கால எழில் சேர்த்து விற்றது. ஜோன் மக்கொனல் என்பார் கருமையும் பொன்னுமாக அதற்கு அமைத்த இலச்சினை, அந்நிறுவனம் 1975இல் மூடப்பட்ட பின்னும் மறக்கப்படவில்லை. இவ்விரு கடைகளையும் நான் வேலை தொடங்குமுன் நெடுநேரம் சிந்தித்தேன். ஆனால் அவற்றிற் கவனிக்கவேண்டிய ஒன்றைக் கவனியாது விட்டேன். முன்னது வேடிக்கை செய்தது. பின்னது அலங்காரம் செய்தது. இரண்டும் தமக்கு இல்லாத வயதைத் தம்முடையதென்று கூறவில்லை.

நான் செய்தது அதுவே. கரும்பச்சைப் பலகையிலே பழுப்புப் பொன் நிறத்தில், விக்ரோறியா மகாராணியார் காலத்துக் கடைகளை நினைவூட்டும் நிழலெழுத்துக்களால் கடையின் பெயரை எழுதினேன். மேற்பூச்சு வெடித்தாற்போலத் தோன்றுவதற்கு உரிய மெருகெண்ணெயைப் பூசினேன். விளிம்புகளை உப்புத்தாளால் உராய்ந்து, மழையிலும் வெயிலிலும் அறுபது ஆண்டுகள் கிடந்த பலகையாக ஆக்கினேன். விலைச்சீட்டுக்கள் ஆயிரத்தையும் தேயிலைச் சாயத்திலே தோய்த்து உலர்த்தினேன். அது நல்ல இலங்கைத் தேயிலை. எங்கள் மலைநாட்டுத் தொழிலாளர் பறித்த கொழுந்து இத்தகைய பணிக்கும் உதவும் என்று அன்று நகைத்துக்கொண்டேன். பலகையின் அடியில், இரு சிறு பூங்கொத்துக்களின் நடுவே, 'நிறுவியது 1948' என்று எழுதி முடித்தேன்.

ஏன் 1948 என்றால், எவ்வித காரணமும் இல்லை. எம் நாடு விடுதலை பெற்ற ஆண்டு என்பது கூட அப்போது என் நினைவில் இல்லை. ஒன்பதும் எட்டும் வளைவுகளாற் பொலிவன. இடையில் நிற்கும் நான்கு கோணங்களால் அவ்வளைவுகளுக்கு மாற்றுத் தருவது. அவ்வளவே.

அம்மையார் பலகையைக் கண்டு மிக மகிழ்ந்தார். பின்னர், "ஆனால் நான் இந்த மாதந்தானே திறக்கின்றேன்?" என்று தயங்கிக் கேட்டார். "இது வெறும் அணி, எல்லாரும் செய்வதுதான், யாரும் இதனை மெய்யென்று கொள்ளமாட்டார்கள்" என்றேன். தொழிலறிந்தவன் சொல்கின்றான் என்று அவர் அடங்கிவிட்டார். அவருடைய தயக்கத்தை நான் அனுபவமின்மை என்று எண்ணினேன். உண்மையில் அது அவருடைய நேர்மை.

கடை திறந்து மூன்றாம் வாரம் என்று நினைக்கின்றேன். தாட்பைகளைக் கொடுப்பதற்காக நான் அங்கே சென்றிருந்தேன். எண்பது வயதை அணுகிய மூதாட்டி ஒருவர் கைத்தடியோடு உள்ளே வந்தார். உடைகளை அவர் பார்க்கவில்லை. நேரே மேசையண்டை வந்து, "இது மீண்டும் திறந்திருக்கிறதென்று எனக்குத் தெரியாது" என்றார். அவருடைய தாயார் அத்தெருவிலிருந்த ஒரு புடவைக் கடையின் பின்னறையிலே பல ஆண்டுகள் தையல் வேலை செய்தவராம். அக்கடை மூடப்பட்டபோது இவர் சிறுமி. இப்போது பலகையில் 1948 என்று கண்டதும், அதே கடைக்காரரின் வழித்தோன்றல்கள் திரும்ப வந்துவிட்டனர் என்று எண்ணிவிட்டார். "அக்காலத்துப் படம் ஏதும் இருக்கின்றதா? வேலை செய்தவர்களின் பெயர் எழுதிய புத்தகம் ஏதும் இருக்கின்றதா? அம்மாவின் பெயர் அதில் இருக்கும்" என்றார்.

அம்மையார் என்னைப் பார்த்தார். நான் தாட்பைகளை எண்ணத் தொடங்கினேன். ஒன்றும் இல்லை என்று அம்மையார் மெதுவாகச் சொன்னார். "அப்படியானால் அந்த ஆண்டு?" என்று மூதாட்டியார் கேட்டார். இருவரும் விடை சொல்லவில்லை. அவர் கண்ணாடிக் கதவின் வழியே பலகையை ஒருமுறை நோக்கி, "அழகாய் எழுதியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அவர் சினந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலை கடையைப் பூட்டிய பின் அம்மையார் சொன்னது இன்றும் என் செவியில் நிற்கின்றது. "நான் நாடக அரங்கில் இருபது வருடம் பொய்யுடை தைத்தவள். அங்கே வருகின்றவர்கள் அது பொய்யென்று தெரிந்தே நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள். இந்தப் பெண்மணி தெரியாமல் வந்தார்" என்றார். பலகையை மாற்ற வேண்டும் என்றார். ஆனால் மாற்றுவதற்கு அவரிடம் பணம் இல்லை. 900 பவுணில் 740 பவுண் செலவாகியிருந்தது. புதிய வேலைக்குக் கூலி வேண்டாம் என்றேன். பொருட்செலவும் என்னுடையது என்றேன். அதனை ஈகை என்று எவரும் கருதவேண்டாம். கெட்ட வேலையைச் செய்தவன் அதனைத் திருத்திக் கொடுத்தல் தொழில் முறை.

எனினும், எதனைப் புதிதாகச் செய்வது என்பது விளங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையிலே தனித்திருந்து, அந்த நானூறு உடைகளையும் ஒன்றொன்றாக எடுத்து உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டிப் பார்த்தேன். முன்னரே செய்திருக்க வேண்டிய வேலை அது. உடையின் வெளிப்புறம் அதன் ஆசையைச் சொல்லும். உட்புறம் அதன் வரலாற்றைச் சொல்லும். இடுப்பின் பக்கத் தையலில் உலோகப் பற்களுடைய 'சிப்' இருப்பின் ஒரு காலம்; நைலோன் சுருளாயின் பிற்பட்ட காலம். ரெறிலீன் என்ற செயற்கை இழை 1941இலேதான் கண்டுபிடிக்கப்பட்டது. கடைகளுக்கு வந்தது 1950களில். ஆகவே அவ்விழை கலந்த சட்டை யுத்தகாலச் சட்டையாக இருத்தல் இயலாது. துவைக்கும் தொட்டியும் இஸ்திரிப்பெட்டியும் வரைந்த குறிகள் உள்ள துணிச்சீட்டு இருந்தால், அவ்வுடை அதற்கும் பிற்பட்டது. கணக்கில் எழுத்துப் பிழை விட்டாலும் தையல் பொய் சொல்லாது.

அவற்றுள் பதினொரு உடைகளில் ஒரு சிறு குறி அச்சிடப்பட்டிருந்தது. ஒரு பகுதி வெட்டியெடுத்த வட்டம் போன்ற இரு ஆங்கில எழுத்துக்களும் 41 என்ற எண்ணும் அதில் இருந்தன. இரண்டாம் மகாயுத்தக் காலத்தில், 1941 ஆனி முதலாம் திகதி, பிரித்தானியாவில் உடைப் பங்கீடு தொடங்கியது. முதலாண்டில் வளர்ந்த ஒருவருக்குக் கிடைத்தவை 66 பங்கீட்டுச் சீட்டுக்களே. சிக்கனமாகவும் உறுதியாகவும் தைக்கப்பட்டு, அரசாங்கம் விலை வரையறுத்த உடைகளுக்கு அடையாளமாக றெஜினோல்ட் சிப் என்பவர் அக்குறியை வரைந்தார். அதன் உருவத்தைக் கண்டு மக்கள் 'பாற்கட்டிகள்' என்று நகையாடினர். உடைப் பங்கீடு 1949இலும் அக்குறித் திட்டம் 1952இலும் முடிவுற்றன. அதனை வரைந்தவர் அழகைக் காட்ட முயலவில்லை. பழமையைக் காட்டவும் முயலவில்லை. இத்துணி இன்ன விதிக்கு அமைந்தது என்ற ஒரு செய்தியை மட்டும் அது சொல்லிற்று. சொன்னது மெய்யாக இருந்தமையால், எழுபது ஆண்டுகளின் பின்னர் நான் அதனை நம்பி, அவ்வுடையின் காலத்தைத் துணிந்தேன்.

மாலையாகியபோது, ஒரு பையனுடைய கம்பளிச் சட்டையின் கழுத்துப்பட்டையைத் திருப்பினேன். அங்கே வெள்ளை நாடாவில் சிவப்பு எழுத்துக்களால் ஒரு பெயர் நெய்யப்பட்டிருந்தது. கொவென்றி நகரில் 1846இல் நாடா நெசவைத் தொடங்கிய காஷ் சகோதரரின் நிறுவனம், பிற்காலத்தில் விடுதி மாணவரின் உடைக்கென இத்தகைய பெயர் நாடாக்களை நெய்து புகழ் பெற்றது. அந்நாடாவின் ஓரத்தை யாரோ ஒரு தாய் கையால் தைத்திருந்தாள். ஒரு மூலையில் தையல் தவறியமையால் பிரித்து மீண்டும் தைத்த துளைகள் தெரிந்தன.

அத்துளைகளைக் கண்டதும் நான் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். விளக்கின் முன்னே என் தாயாரின் குனிந்த தலையும், பிரித்துப் பிரித்துத் தைத்த ஆறாம் இலக்கமும், சனிக்கிழமை மூட்டையும், இலக்கப் புத்தகமும் ஒன்றாய் நினைவில் எழுந்தன. கடைக்கு வேண்டிய அடையாளம் நான் பதினொரு வயதிலேயே உடுத்திருந்த அடையாளம் என்பது அப்போது புலனாயிற்று.

அடுத்த பத்து நாட்களில் புதிய அடையாளம் உருவாயிற்று. அதன் சின்னம் ஒரு நீள்சதுரம். சிவப்புக் குறுக்குத் தையலால் ஆகிய ஓரமும், நடுவில் வெற்றிடமும் கொண்டது. அவ்வெற்றிடத்தில் ஒவ்வோர் உடைக்கும் உரிய இலக்கம் கையால் எழுதப்படும். கடையின் பெயர் பெரிதாக நில்லாது, உடையின் இலக்கம் பெரிதாக நிற்கும். அவ்விலக்கத்தின்படி ஒரு பேரேட்டைத் திறந்தால், இவ்வுடை எவரிடமிருந்து வந்தது, எக்காலத்தது, அதற்குச் சான்று யாது, எங்கே கிழிந்து எங்கே தைக்கப்பட்டது என்ற விவரம் இருக்கும். உடையை விற்றவர் தம் பெயரை எழுத விரும்பின் எழுதலாம். விரும்பாவிடின் ஊரும் ஆண்டும் போதும். விலைச்சீட்டிலும் இவ்விவரம் சுருக்கமாக இடம்பெறும். ஆண்டு ஐயமாயின் 'ஏறக்குறைய 1955 முதல் 1960 வரை' என்றே எழுத வேண்டும். ஊகித்து ஓராண்டைக் குறித்தல் கூடாது. முற்காலத்து உடையளவு இலக்கங்கள் இக்காலத்தவற்றோடு ஒவ்வா. ஆதலால் மார்பு, இடை, நீளம் மூன்றையும் அங்குலத்திலே அளந்து எழுதுவது என்று முடிவு செய்தோம். துணியிலே ஊசி குத்தாமல், உட்தையலின் விளிம்பிலே பருத்தி நூலாற் சீட்டைக் கட்டுவது என்றும் விதித்தோம்.

சிவப்பு நிறத்தைத் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. பலமுறை வெளுத்தாலும் மங்காத நூலாகப் பழைய காலத்தில் சிவப்பு நூலையே நம்பினர். அச்சிவப்பு முற்காலத்தில் ஐரோப்பாவிலே மஞ்சிட்டியினச் செடியின் வேரிலிருந்தும், எமது மன்னார் யாழ்ப்பாணப் பகுதிகளிலே சாயவேரிலிருந்தும் எடுக்கப்பட்டது. ஒல்லாந்தர் தம் ஆட்சியில் அச்சாயவேரைத் தம் தனியுரிமையாக வைத்திருந்தனர் என்பதை வரலாறு படித்தோர் அறிவர். இரு வேர்களிலும் செந்நிறம் தருவது ஒரே பொருள். 1868இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் இருவர் அதனைச் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டனர். கடையிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலே வில்லியம் மொறிஸ் என்னும் கலைஞர் இளமையில் வாழ்ந்த இல்லம் 1950 முதல் நூதனசாலையாக இருக்கின்றது. அவரும் வேர்ச்சாயங்களை மீட்பதிற் பெருமுயற்சி செய்தவர். அம்மையார் இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, "சரி, சிவப்பு" என்றார். வாடிக்கையாளருக்கு இக்கதை தேவையில்லை. வரைபவனுக்கு ஒரு காரணம் தேவை.

பலகையை வெண்மை நிறமாக்கி, ஜோன்ஸ்ரன் மரபிலே அணியற்ற எழுத்துக்களால் பெயரை எழுதினேன். உராய்வும் வெடிப்பும் தேயிலைச் சாயமும் அகன்றன. ஆண்டையும் விட்டுவிடலாம் என்றேன். அம்மையார் ஒப்பவில்லை. "ஆண்டு இருக்கட்டும், ஆனால் மெய்யான ஆண்டு" என்றார். பழம்புடவைக் கடையில் 2011 என்று எழுதுவதா, பார்ப்போர் நகைப்பார்களே என்று வாதாடினேன். "நகைத்தால் உள்ளே வருவார்கள்" என்றார். ஆகவே பலகையின் அடியில் 'பழைய உடுபுடவைகள். 2011 முதல்' என்று எழுதினேன். அம்மையார் சொன்னவாறே நிகழ்ந்தது. தெருவிற் போவோர் நின்று வாசித்துச் சிரித்தனர்; சிரித்தவருட் பலர் கதவைத் திறந்தனர்.

கடை செல்வம் கொழித்ததென்று சொல்வதற்கில்லை. வாடகையும் வரியும் போக, அம்மையார் சிக்கனமாக வாழ்வதற்கு வேண்டியது கிடைத்தது. ஆனால் மற்றொன்று கிடைத்தது. புதிய பலகை ஏறிச் சில மாதங்களின் பின் அந்த மூதாட்டியார் மீண்டும் வந்தார். ஒரு தாட்பொதியை மேசைமேல் வைத்து அவிழ்த்தார். அதனுள் அவருடைய தாயார் தையலறையில் அணிந்த பருத்தி மேலங்கி இருந்தது. பையின் உட்புறத்திலே சிவப்பு நூலால் இரண்டு எழுத்துக்கள். "இது விற்பதற்கன்று. உங்கள் புத்தகத்தில் எழுதுவதற்கு" என்றார். அம்மையார் பேரேட்டைத் திறந்தார். இலக்கம் 118. தாயாரின் பெயர், வேலை செய்த ஆண்டுகள், தெருவின் பெயர் யாவும் மூதாட்டியார் சொல்லச் சொல்ல எழுதப்பட்டன. எழுதி முடிந்ததும் மூதாட்டியார் அப்பக்கத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மேலங்கியை மடித்து எடுத்துக்கொண்டு சென்றார். எப்புத்தகத்தைத் தேடி அவர் முதன்முறை வந்தாரோ, அப்புத்தகம் இப்போது உண்டாயிற்று. இதனை அம்மையார் தொலைபேசியிற் சொல்லக் கேட்டேன். நேரிற் காணும் பேறு எனக்கு இல்லை.

2019இல் வாடகை ஒப்பந்தம் முடிந்தது. புதிய வாடகை அவர் கைக்கு எட்டாததாயிற்று. கடையை மூடுமுன் என்னை அழைத்து, ஒரு கடைசி வேலை உண்டென்றார். பலகையில் '2011 முதல்' என்பதோடு '2019 வரை' என்று சேர்த்து எழுத வேண்டும் என்றார். ஏணியில் ஏறி எழுதினேன். என் தொழில் வாழ்வில் முடிவாண்டு எழுதிய கடைப்பலகை அது ஒன்றே. அப்பலகையை எனக்குத் தருமாறு கேட்டேன். தரமறுத்து, தம் சமையலறைச் சுவரிலே மாட்டிக்கொண்டார். எனக்குக் கிடைத்தது இலக்கம் எழுதப்படாத ஒரு வெற்றுச் சீட்டு. அதில் நான் 63 என்று எழுதி மேசையில் வைத்திருக்கின்றேன்.

இக்கதையை விழா மலரில் எழுதுதற்கு ஒரு காரணம் உண்டு. விழாக் கொண்டாடுதல் என்பது ஆண்டுகளை எண்ணுதல். எமது கல்லூரியின் பெயரோடு எழுதப்படும் ஆண்டு எந்த ஓவியனும் அழகு கருதித் தெரிந்த ஆண்டன்று. ஒருவர்பின் ஒருவராகக் கற்பித்தவரும் கற்றவரும், இடப்பெயர்வும் யுத்தமும் வந்த காலங்களிலும் வகுப்பு நடத்தியவரும், அவ்வாண்டின்மேல் ஒவ்வோர் ஆண்டாக வைத்துக் கட்டியது. முதுமையை ஒருவன் பூசிக்கொள்ள முடியாது. இருந்துதான் பெற வேண்டும். இருந்தமைக்குச் சான்று எழுதி வைத்தால் மட்டுமே பின்வருவோர் அதனை அறிவர்.

ஆதலின் பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், கல்லூரிக் காலத்துப் படங்கள் கிடக்கும். அவற்றில் நிற்போரின் பெயரை அறிந்த கடைசி மனிதர் நீங்களாகவே இருக்கலாம். படத்தைத் திருப்பி, மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். ஆண்டு ஐயமாயின் ஏறக்குறைய என்று எழுதுங்கள். அறியாத பெயருக்கு வெற்றிடம் விடுங்கள். அவ்வெற்றிடத்தை நிரப்ப ஒருநாள் ஒருவர் கைத்தடியோடு வரக்கூடும்.

இலக்கம் தந்து என்னை ஒரு வரிசையில் நிறுத்திய கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க!